ஆஸ்பத்திரி ஊரில் ஒரு வெல்டர்

வெல்டர் பிறந்த ஊரில் கப்பல் பட்டறைதான் எல்லாமே. பாதி ஊர் அங்கே வேலை பார்த்தது, மீதி ஊர் அவர்களுக்குச் சாப்பாடு போட்டது. வேலை வேண்டுமென்றால் விடியற்காலையில் வெல்டிங் முகமூடியைக் கையில் பிடித்தபடி கேட்டில் நிற்க வேண்டும். ஃபோர்மேன் வந்து விரல் நீட்டுவார். வேறு வழி அவனுக்குத் தெரியாது.

கல்யாணமாகி வந்த ஊரிலோ பெரிய ஆஸ்பத்திரிதான் எல்லாம். மனைவி அங்கே நர்ஸ், அவள் அக்கா நர்ஸ், எதிர்வீட்டு மாமாகூட நர்ஸ். இவனுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். எங்கு தேடியும் வேலை அமையவில்லை. பழைய பட்டறை திரும்பக் கூப்பிட்டிருந்தது, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். போனால், பிறக்கப்போகும் குழந்தையின் முகத்தை லீவுக்கு லீவுதான் பார்க்கலாம். மனைவி போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? முகமூடியோடு ஆஸ்பத்திரி கேட்டில் போய் நின்றுவிட்டான்.

முதல் நாள் வாட்ச்மேன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "எங்க அடிபட்டுச்சு தம்பி?"

மறுநாள், "யாருக்காக நிக்கிறீங்க?" என்றார்.

"ஃபோர்மேனுக்கு."

"இங்க டாக்டருங்கதான் இருக்காங்க."

அதற்கும் அடுத்த நாள், நைட் டியூட்டி முடித்து வந்த மனைவியின் கண்ணில் பட்டுவிட்டான். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சற்று யோசித்தவள், அவன் கையைப் பிடித்துப் பின்கட்டில் இருந்த ஸ்டோருக்கு இழுத்துப் போனாள்.

கால் உடைந்த கட்டில்களும் சக்கரம் கழன்ற தள்ளுவண்டிகளும் அங்கே கூரையை முட்டிக் கிடந்தன. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா நர்ஸு மேலதான் விழணும். ஒரு கட்டிலைப் பத்தவெக்க வெளியூருக்கு லாரி ஏத்துறோம். அந்த மூலையில மெஷின் இருக்கு. ஒண்ணு செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினான். அம்மா நல்ல கனம். கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார், எம்பி இன்னொரு முறை உட்கார்ந்தார். கட்டில் முனகக்கூட இல்லை.

"நாளைக்கே வந்துடுங்க. இது முடியறதுக்குள்ள அடுத்த குவியல் வந்துடும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவன் பெட்டியைத் திறந்து சட்டைகளை வெளியே எடுத்தாள்.

"தினமும் அந்த ஸ்டோரைத் தாண்டித்தான் போறேன். எனக்கே தோணலை பாருங்க."

"போகாதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இங்கேயே இருந்திருப்பேனே."

"தெரியும்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வேலையில்லாம சும்மா உக்காந்திருப்பீங்க. அதனாலதான் சொல்லலை."