கடல் இல்லாத குடில்

2005 கிறிஸ்துமஸுக்கு எங்கள் முகாமில் யாரும் ஸ்டார் கட்டவில்லை. முந்தைய வருஷம் பண்டிகைக்கு மறுநாள் காலையில்தான் அலை வந்து எங்கள் குப்பத்தையே துடைத்துப் போட்டது. அதிலிருந்து உப்பளத்துக்குப் பின்னால் தார்ஷீட் கொட்டகைதான் வீடு.

"பண்டிகையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர் சவரிமுத்து. அலைக்குப் பிறகு அவர் கடலுக்கே போகவில்லை, உப்பு வாரப் போனார். மழையில் உப்பளமும் நின்றதும் கூரையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. என் பழைய புருஷன் எனக்கு வேண்டும். குப்பத்தைக் கண்ணால் பார்த்தாலாவது எழுந்து உட்காருவார் என்று தோன்றியது.

இயேசு பிறந்த கொட்டிலைப் பொம்மையாக வைக்கிற கிறிஸ்துமஸ் குடிலைக் கட்டத் தொடங்கினேன். பெத்லகேமை நான் எங்கே கண்டேன்? உப்பள வரப்புக் களிமண்ணைக் கொண்டுவந்து எங்கள் தெருவையே கட்டினேன்.

பக்கத்துக் கொட்டகை சகாயசெல்வி எட்டிப் பார்த்தாள். "எங்க வூட்டு வாசலு கோயில பாத்து இருக்கும்டி. நீ இன்னாத்துக்கு கொழாயடிய பாத்து வச்சிக்கிற?" என்று அவளே பிய்த்துத் திருப்பி வைத்தாள். கொளஞ்சியம்மாள் தன் வீட்டைத் தானே கட்டுவேன் என்று உட்கார்ந்து, மாதா கோயிலை விடப் பெரிதாகக் கட்டிவிட்டாள். "ஏம்மா, இதுல எந்த ரூம்பு எங்களுக்கு வாடகைக்கு?" என்று சகாயசெல்வி கேட்டதும் முகாமே சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் சவரிமுத்து வந்து நின்றார்.

"கடலு எங்க?" என்றார்.

"வைக்கல."

"ஏன்?"

"என் வூட்ட தின்னுச்சில்ல? அதுக்கு நான் எடம் குடுக்க மாட்டேன்."

"கடலு இல்லாம இது இன்னாடி குப்பம்? எவன் ஊரோ."

விடுவிடென்று போனவர், எங்கள் கொட்டகைக் கூரைமேல் கிடந்த நீலத் தார்ப்பாயையே கிழித்துக்கொண்டு வந்தார். கிழக்கே விரித்தார். ஓரமாக உப்பைத் தூவி நுரை வைத்தார். பனைமட்டையைச் சீவிப் படகும் செய்தார். ராத்திரி மழை வந்தால் ஒழுகுமே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கை அவ்வளவு வேகமாக ஓடுவதைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டேன்.

குழந்தை இயேசுவின் பொம்மையை, பாலனை, குடிலில் வைக்கும் நேரம் வந்தது. தங்கள் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சண்டை. நான் யாரையும் கேட்கவில்லை. பாலனை எடுத்து அந்தப் படகில் படுக்க வைத்தேன். சவரிமுத்து என்னையே பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"தள்ளுங்கடா!" என்றார், கரையில் நின்று கத்துகிற அந்தப் பழைய குரலில்.

படகு உள்ளங்கை அளவுதான். அதைக் கடலுக்குத் தள்ள முகாமே கை நீட்டிக்கொண்டு வந்தது.