பிளாஸ்டிக்கே போதும்

கடைக்கார அம்மா மூன்று துண்டுகளை மேசைமேல் வைத்தார். ஒன்று கறுப்பு ரப்பர் பாயிலிருந்து வெட்டியது. இன்னொன்று வரிவரியாக மேடிட்ட கெட்டிப் பிளாஸ்டிக். மூன்றாவது, சொரசொரப்பான கறுப்புப் பூச்சு அடித்த ஒரு தகடு. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொன்றையும் ஓங்கிக் குத்தினார். ரப்பர் குழிந்து எழுந்தது. பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பூச்சுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"பிக்கப் வண்டி பின்தொட்டிக்குள்ள போடுறது இந்த மூணுதான். நீங்க என்ன ஏத்துவீங்க?"

"வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ். ரிப்பேர் கடை வெச்சிருக்கேன்," என்றார் அத்தான். "ஆனா என்னைக் கேக்காதீங்க, எங்க மாப்ளையக் கேளுங்க. டைல்ஸ் ஒட்டுறவரு. தரையத் தட்டிப் பாத்தே அடியில காத்து நிக்குதா இல்லையான்னு சொல்லிடுவாரு. இவங்க அக்கா மனசுல என்ன இருக்குன்னு மட்டும் இவராலயும் சொல்ல முடியல."

அந்த அம்மா சிரித்தார். அருகில் நின்ற மாப்ளையான அவனும் சிரித்து வைத்தான். சட்டைப்பையிலிருந்த சிறிய நோட்டை எடுத்துப் பிரித்தான். இரண்டு நாள் உட்கார்ந்து, கோடு போட்டு, மூன்று கட்டம் கட்டி எழுதியிருந்தான். ரப்பர் பாய் நகரும், ஓரங்களை மூடாது. பூச்சு நிரந்தரம், ஆனால் வண்டி மூன்று நாள் கடையில் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் கட்டத்தில்தான் நிறைய இருந்தது: அரைமணி வேலை, உடனே மாட்டலாம், காத்திருக்கத் தேவையில்லை. ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுதியிருப்பது இப்போது பார்க்கும்போதுதான் தெரிந்தது. உண்மையான காரணம் எந்தக் கட்டத்திலும் இல்லை. பூச்சு அடிப்பதென்றால் முதலில் தொட்டியைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். சுரண்டினால் பார்ப்பார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் ஏற்ற அத்தானின் வண்டியை இரவல் வாங்கிப் போயிருந்தான். ஒட்டி முடித்த தரையில் படிந்த சிமெண்ட் கறையைக் கழுவ ஆசிட் கேன் ஒன்று தொட்டியில் இருந்தது. மூடியைச் சரியாகத் திருகவில்லை. வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதில் கேன் சாய்ந்து, இறங்கிப் பார்த்தபோது தகடு புகைந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டிருந்தால் போதும். ஆசிட்டைச் சிமெண்ட் கொன்றுவிடும் என்று வேலையிடத்தில் யாரோ சொன்ன ஞாபகத்தில், பதறிப்போய் அரை மூட்டைச் சிமெண்டை அதன்மேல் கொட்டினான். அது நுரைத்து அடங்கியது. மறுநாள் விடிந்தபோது வண்டிக்குள் ஒரு தரையே போட்டாயிற்று. வாழ்க்கையில் அவன் போட்டதிலேயே கெட்டியான தரை அதுதான். உளியும் சுத்தியலும் வைத்துக் கொத்தி எடுத்தான். பெயிண்டும் கூடவே வந்தது. சாம்பல் நிற ஸ்ப்ரே டப்பா ஒன்றை வாங்கி மேலாக அடித்து, தார்ப்பாயை விரித்து, சாவியைக் கொண்டுபோய் அத்தான் கையில் கொடுத்தான். "சாப்பிட்டுட்டுப் போ மாப்ள," என்றார் அவர். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தான்.

மழைக்குப் பிறகு அந்த இடம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, துருப்பிடித்து உதிர்ந்தது. அத்தான் ஆளைக் கூப்பிட்டார். ஆள் என்றால் அவர் கடை டிரைவர், ரேடியோ. வாயை மூடவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். வண்டியைக் கிளப்பும்போது ஆரம்பிக்கும் பேச்சு, சாவியை ஆணியில் மாட்டும்போதுதான் நிற்கும். எப்போதோ ஒருமுறை கேட்காமல் ஒரு நண்பருக்காகப் பழைய பேட்டரிகளை ஏற்றி மாட்டிக்கொண்டவர். அவர்மேல் சந்தேகம் விழ அது போதுமானதாக இருந்தது. "மறுபடி பேட்டரி ஏத்தினியா?" என்று அத்தான் கேட்டபோது, அவனும் அங்கேதான், வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றான். ரேடியோ ஒரு நீளமான பதில் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தான். அந்தப் பதிலுக்கு நடுவில் எங்கேயாவது தானும் நுழைந்துவிடலாம் என்றுகூட நினைத்தான். "நான் ஏத்தல முதலாளி," என்று மட்டும் சொன்னார் ரேடியோ. இரண்டாம் முறை கேட்டதற்கு அதுவும் சொல்லவில்லை. சாவியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு வேலையை விட்டே நடந்தார். போகிறபோது அவனிடம், "வரேன் தம்பி," என்றார். "சரிண்ணே," என்றான் அவன். பிறகு பல நாள், குளிக்கும்போதும் கலவை குழைக்கும்போதும், அந்த 'சரிண்ணே' தன் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்துக் கூசினான்.

"தம்பி என்ன சொல்றீங்க?" என்றார் கடைக்கார அம்மா.

பிளாஸ்டிக் துண்டை எடுத்து, பழக்கத்தில் விரல் முட்டியால் தட்டினான். டொக்கென்று அடியில் வெற்றிடத்தின் சத்தம். இந்தச் சத்தம் வரும் தரையைப் பார்த்தால், யார் ஒட்டியதாக இருந்தாலும் பெயர்த்து எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

"பிளாஸ்டிக்கே போதும் அத்தான்."

"அப்ப அதையே போட்டிருங்கம்மா. மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"வண்டியப் பாக்காம மாட்ட மாட்டேன்," என்றார் அந்த அம்மா. "இதுக்கு அடியில தண்ணி நிக்கும். ஏற்கெனவே துரு இருந்தா உள்ளுக்குள்ளயே தின்னுரும். மேல பளபளன்னு இருக்கும், ஒருநாள் ஃப்ரிட்ஜ் ரோட்டுல கெடக்கும்."

தார்ப்பாயை விலக்கிவிட்டு, வயதுக்குப் பொருந்தாத சுறுசுறுப்போடு தொட்டிக்குள் ஏறிக் குத்துக்காலிட்டார். துருவின்மேல் விரலை ஓட்டினார். பிறகு, மூலையில் தகடு மடங்கும் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். ஏதோ தெறித்து அத்தானின் செருப்பருகே விழுந்தது. அவன் குனிவதற்குள் அத்தான் குனிந்து எடுத்துவிட்டார். சுண்டுவிரல் நுனியளவு சாம்பல் நிறக் கட்டி.

"பேட்டரி ஆசிட்னுதானே போன்ல சொன்னீங்க?" என்றார் அந்த அம்மா, குனிந்தபடியே. "இது சிமெண்டு. கொட்டி, இறுகவிட்டு, உளியால கொத்தியிருக்காங்க. தடம் வரிசையா இருக்கு பாருங்க. கைத்தொழில் தெரிஞ்ச ஆளுதான்."

அத்தான் வந்து பார்க்கவில்லை. கட்டியை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே நின்றார். அவனையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கையிலிருந்த நோட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பூச்சே அடிச்சிருங்கம்மா," என்றார் அத்தான். "எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல. எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு அடிங்க."

அந்த அம்மா உள்ளே குரல் கொடுத்தார். மெக்கானிக் ஒருவர் வந்து வண்டியைப் பட்டறைக்குள் ஓட்டிப் போனார்.

"அத்தான்..."

"எங்கிட்ட வேணாம் மாப்ள. கேள்வி ரேடியோகிட்ட கேட்டது. பதில எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" குரலில் கோபம் இல்லை. ஃப்ரிட்ஜில் எந்த உதிரிபாகம் போயிற்று என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற குரல். "அவன் நம்பர் இருக்கா? நான் அன்னிக்கே அழிச்சிட்டேன்."

"இருக்கு."

"போடு."

"வெளிய போய்..."

"இங்கயே போடு."

சொல்லிவிட்டு அத்தான் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். உள்ளங்கையில் இன்னும் அந்தக் கட்டி இருந்தது.

பெயர் 'ரேடியோ அண்ணே' என்றே பதிவாகியிருந்தது. நான்காவது முறை மணியடித்ததும் எடுத்தார். எடுத்ததும் அவர் ஒரு மூச்சுப் பேசிவிடுவார், அதற்குள் தைரியத்தைத் திரட்டிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தான். மறுமுனை பேசாமல் இருந்தது. அவன் வாயைத் திறந்தான். அதே நொடியில் பட்டறைக்குள் கிரைண்டர் வீறிட்டது. தகட்டிலிருந்து பொறி பறந்தது. துருவும் பெயிண்டும் சாம்பல் தூளும் சேர்ந்து ஒரு புகையாக எழும்பி, வாசல் வெளிச்சத்தை நோக்கி வந்தது.

"நான்தாண்ணே... அந்தத் தொட்டி..."

"யாரு? தம்பியா?" என்றது ரேடியோவின் குரல். "ஒண்ணும் கேக்கல. என்ன சொல்றே? சத்தமாச் சொல்லு!"

கடைக்கார அம்மா திரும்பிப் பார்த்தார். அத்தானின் முதுகு அசையவில்லை. தூள் வந்து அவன் சட்டையிலும், திறந்திருந்த நோட்டின் கட்டங்களிலும் மெல்லப் படிந்தது. கத்திச் சொல்ல மூச்சை ஆழமாக இழுத்தான். பல்லில் சிமெண்ட் நறநறத்தது.