பெடல் நின்ற சத்தம்

சைக்கிள் பந்தய எண் அச்சடித்த துணியை அவர் முதுகில் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள் மனைவி. இருபது வருஷமாக அது அவள் வேலை. கை குத்தும்போது வாயும் சேர்ந்து குத்தும். "பேரன் எடுத்த வயசுல இறுக்கமா ஒரு நிக்கரைப் போட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்தால் விசில் ஊதும்வரை ஓயாது. இன்று ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது ஊக்கு சுருக்கென்று தோலில் இறங்கியது.

"யார்கிட்டயும் சொல்லலைல்ல?" என்று கேட்டார் அவர்.

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றாள். குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததால் முகம் தெரியவில்லை.

போன வாரம் இதய மருத்துவர் சொன்னது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். இதயம் பாதிக்குமேல் ஓய்ந்துவிட்டது, ஆபரேஷனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, மெதுவாக நடக்கலாம். சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டதும் மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அழாத குறையாகக் கெஞ்சி மனைவியிடம் அவர் வாங்கியது இந்த ஒரு காலையை மட்டும்தான். ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, இதுவரை ஜெயித்ததும் இல்லை. அறுபது தாண்டிய அந்தக் கிழட்டுக் கும்பலில் ஒருவனாக, வழக்கம்போல ஏச்சு வாங்கி, வழக்கம்போலத் தோற்று வீடு திரும்ப வேண்டும். விஷயம் தெரிந்தால் பாவம் பார்ப்பார்கள். அதற்குச் செத்துப்போவது தேவலை என்று நினைத்தார். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

கும்பலில் அவருக்குப் பெயர் பிசின். முன்னால் போகிறவன்தான் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும், அவன் பின்சக்கரத்தை ஒட்டியே போகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆகவே முறைவைத்து முன்னால் போவதுதான் மரியாதை. பிசின் மட்டும் தன் முறை வரும்போது பார்த்துத் தண்ணீர் குடிப்பார், இருமுவார், செருமுவார். அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. முதல் திட்டு எப்போதும் பேக்கரிக்காரருடையது. நாளெல்லாம் கேக்குக்கு நடுவே நின்றும் ஒரு பிடி சதை போடாத மனுஷன். பந்தயம் என்று வந்துவிட்டால் விழுந்து கிடக்கிற சொந்தத் தம்பியையும் தாண்டிப் போவார், போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிடங்குத் தெருவில் எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன. முதல் சுற்றின் இறக்கத்தில் எல்லோரும் பெடலை நிறுத்த, பின்சக்கரங்கள் கிர்ரென்று இரைந்தன. மிதிக்கும்போது வராது அந்தச் சத்தம், மிதிப்பதை விட்டால்தான் வரும். சைக்கிளுக்கு சைக்கிள் குரல் வேறு. பேக்கரிக்காரருடையது வெட்டுக்கிளி மாதிரி. லிஃப்ட் மெக்கானிக்காக மோட்டாருக்குக் காது கொடுத்தே காலம் தள்ளியவர் பிசின், எவன் பெடலை விட்டான் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

இரண்டாவது சுற்றில் அவர் முறை வந்தது. கை தானாகத் தண்ணீர் பாட்டிலுக்குப் போனது. திட்டுக்குக் காத்திருந்தார்.

"பரவால்ல, பின்னாடியே வாங்க" என்றார் பேக்கரிக்காரர்.

இருபது வருஷத்தில் 'டேய்' போடாமல் அந்த வாய் அவரிடம் பேசியதில்லை. மூச்சு வாங்குகிறவன் எதையோ உளறுகிறான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

எப்போதும் அவரைக் கழற்றிவிடுகிற ஏற்றம் வந்தது. இன்று கழற்றவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக மேலே வந்துவிட்டார். எவனுடைய ஸ்கேனையோ என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தோன்றியது. கடைசிச் சுற்றில் எப்படியோ முன்னாலும் வந்துவிட்டார். சமதளமான நேர்த் தெரு. முடிவுக் கோடு தெரிந்தது, கோட்டருகே மனைவியின் மஞ்சள் குடை தெரிந்தது. எழுந்து நின்று மிதித்தார். பக்கத்தில் எவனும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எவனும் இல்லை.

அப்போதுதான் பின்னால் வெட்டுக்கிளி கத்தியது. அதைத் தொடர்ந்து இன்னொன்று, அப்புறம் அத்தனையும். இறக்கம் இல்லாத தெருவில், கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எல்லோரும் பெடலை விட்டிருந்தார்கள்.

"மிதிங்கடா!" என்று கத்தினார். "டேய், மிதிங்கடா!"

"நீங்க போங்க" என்றார் பேக்கரிக்காரர். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று பேசுகிற குரல்.

மனைவி குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். யார் சொன்னது என்று தெரிந்துவிட்டது. அவள்மேல் கோபப்பட முயன்றார், வரவில்லை. அவர் உயிரோடு வீடு வந்து சேர்ந்தால் போதும் அவளுக்கு. அவருக்குத்தான் அது போதவில்லை. இந்த ஒரு காலையைத்தான் கேட்டிருந்தார், அதுவும் போயிற்று.

அவரும் மிதிப்பதை நிறுத்தினார். வந்து தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்தார். வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஒருவரும் தாண்டவில்லை. ஒருவரும் காலை அசைக்கவில்லை. ஹேண்டில்கள் இப்படியும் அப்படியும் ஆட, அத்தனை கிழவர்களும் அவருக்குப் பின்னால் விழாமல் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். கோடு இன்னும் வரவில்லை. சக்கரங்களின் இரைச்சல் தனித்தனிச் சொடுக்குகளாக உடைந்தது. பிறகு ஒவ்வொரு சொடுக்குக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.