பச்சைக்கிளியின் முப்பத்தொரு குத்துகள்

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னது ஓர் ஆணி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குத்துச்சண்டைக் கழகத்தின் பழைய கூடத்துக்கு வெள்ளையடித்து, சுவர் நெடுக அந்தக் காலத்து வீரர்களின் படங்களை மாட்டியிருக்கிறார்கள். காலமாகிப் பன்னிரண்டு வருஷமான என் தாய்மாமாவின் படமும் அதில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் சும்மா நிற்கிறது. அதில் தொங்கவிட மாமாவைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று கழகச் செயலாளர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

"ஒரே பக்கம் சார். அதுக்கு மேல போனா கண்ணாடிச் சட்டம் கொள்ளாது. அந்த ஜோக்கை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

நான் கதை எழுதிப் பிழைப்பவன். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. ஆகவே நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பக்கம் இல்லை. அதற்குள் அடங்காமல் வெளியே வழிந்தது.

2.

முதல் தொடக்கம்: 'அவர் ஒரு மாபெரும்

(வேண்டாம். இரங்கல் சுவரொட்டி வாடை அடிக்கிறது.)

இரண்டாவது: 'ஐஸ் ஃபேக்டரியில் பாளம் சுமந்த அந்த இளைஞனின் தோளில் விதி தன்

(விதியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன்.)

மூன்றாவது: 'மாமாவுக்குப் பச்சை என்றால் உயிர்.'

இது நிற்கிறது. அதுவும் சாதாரணப் பச்சை இல்லை, கண்ணைக் குத்தும் கிளிப்பச்சை. மேலங்கி பச்சை, கால்சட்டை பச்சை, பூட்ஸ் கயிறு பச்சை. ஊரே அவரைப் பச்சைக்கிளி என்றுதான் கூப்பிட்டது. ஆனால் அந்தக் கிளியின் இடது கை, தினமும் ஐஸ் பாளம் தூக்கி உரமேறிய கை. அதில் ஒன்று வாங்கிக் கீழே விழுந்தவர்கள், எழுந்ததும் 'இன்னைக்கு என்ன கிழமை' என்று கேட்பார்களாம். (சொன்னது மாமாவேதான். பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.) மேடை ஏறியதும் காலுறைக்குள்ளிருந்து சீப்பை எடுத்து நிதானமாகத் தலை வாருவார். எதிராளியின் பயிற்சியாளரிடம் ஒரு புதினா மிட்டாயை நீட்டி, "இன்னைக்கு உங்களுக்குத்தான் வேலை ஜாஸ்தி" என்பார். அப்புறம்தான் கையுறை.

இன்னொரு பழக்கமும் உண்டு, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இடது கையால் அடிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் கையுறையைத் தொடையில் ஒருமுறை துடைத்துக்கொள்வார்.

3.

அந்த இறுதிப் போட்டி நான் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. பார்க்காததை எப்படி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

மாமாவின் கால்சட்டை புத்தம் புதிது. எதிராளி வெள்ளை பனியன். முதல் சுற்று முடிந்து எதிராளி முக்காலியில் உட்கார்ந்தபோது அவன் பனியனில் பச்சையாக ஏழெட்டு வட்டங்கள். வியர்வையில் மாமாவின் கால்சட்டைச் சாயம் கழன்று கையுறையில் ஏற, கையுறையிலிருந்து பனியனுக்குப் போய்க்கொண்டிருந்தது. துடைப்பார், அடிப்பார், ஒரு வட்டம். இரண்டாம் சுற்றில் கூட்டம் எண்ண ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு, பத்தொன்பது என்று கூடமே ஒரே குரலில்.

மூன்றாம் சுற்றின் நடுவில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மாமாவின் கையுறையை விரலால் தேய்த்தார், முகர்ந்தார், எதிராளியின் கையை உயர்த்தினார். கையுறையில் எதையாவது பூசிக்கொண்டு வந்தால் ஆட்டம் போயிற்று என்பது சட்டம்.

பிறகு விசாரணை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். அங்கேதான் மாமா அந்த ஜோக்கைச்* சொன்னார். "ஆமா, நான்தான் பூசினேன். அடியை எண்ணத் தெரியாத நடுவருங்களுக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

ஆயுள் முழுக்கத் தடை. மாமா ஐஸ் பாளங்களிடம் திரும்பிப் போனார்.

* பள்ளிக்கூடத்தில் இந்த ஜோக்கைச் சொல்லியே நான் பாதி நண்பர்களைச் சம்பாதித்தேன். மீதிப் பாதி, மாமா நேரில் வந்தபோது கிடைத்தார்கள்.

4.

எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மாமாவின் ஒரே தங்கை. அறுபத்தைந்து வயதிலும் தையல் மிஷினை விடாதவள். டாக்டர் கோட்டு, தலையணை உறை, பள்ளிக்கூடச் சட்டை, எல்லாம் வெள்ளை. ஏன் வெள்ளை மட்டும் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுத்தாளன் வீட்டுக்குள்ளும் கண்ணைத் திறந்து வைத்திருப்பான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜோக் வந்த இடத்தில் மிஷின் நின்றது.

"அதை எடுத்துடு" என்றாள். "அவன் எதையும் பூசலை. அது நான் முக்கின சாயம்டா."

அந்த நாளில் அம்மா தையற்காரர்களுக்குத் துணி சாயம் போட்டுக் கொடுப்பாளாம். போட்டிக்கு முதல் நாள், அண்ணனின் கால்சட்டை பானையில் கொதித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் உப்புச் சாடி காலி. உப்பு போட்டால்தான் சாயம் துணியில் நிற்கும். கடையும் அடைத்தாயிற்று. சாடியை வழித்து இருந்ததைப் போட்டாள். தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். அப்படி அலசினால் நிறம் வெளுத்துவிடும், அண்ணனுக்கோ அடிக்கிற நிறம்தான் வேண்டும். எனவே இரண்டே அலசு, கொடியில் போட்டுவிட்டாள். மறுநாள் முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் சாயம் ஓடுவதைத் தானே பார்த்தாள்.

"துணிச் சாயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுபடி ஆட விட்டிருப்பாங்க. என் தொழில் கெட்டுடும்னு வாயை மூடிக்கிட்டான். அதைக்கூட விடு. சாயம் நிக்காதுன்னு தெரியாம, என்னை நம்பிப் போட்டுக்கிட்டுப் போனான் பாரு, அதைத்தான் என்னால முழுங்க முடியலை."

அன்றைக்குக் கவிழ்த்த சாயப் பானையை அவள் மறுபடி நிமிர்த்தவில்லை. மாமா அதற்கப்புறம் முப்பது வருஷம் பச்சைச் சட்டையோடு சிரித்துக்கொண்டே இருந்தார். அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

5.

(இந்தப் பகுதியை நீக்கியிருக்க வேண்டும். நான் எவ்வளவு மட்டமானவன் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று விட்டுவைக்கிறேன்.)

அம்மாவைத் தேற்ற ஒரு காட்சி எழுதினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமா. 'அவர் என் கையைப் பற்றி, "உன் அம்மாகிட்ட சொல்லு, அது அவ தப்பில்லை, என் தங்கம்மா மேல எனக்கு எந்தக்

அதற்கு மேல் வாசிக்க விடவில்லை அம்மா. "அவன் என்னைத் தங்கம்மான்னு கூப்பிட்டதே கிடையாது. 'ஏய் ஊசி'ம்பான். நீ பொய் எழுது, வேண்டாங்கலை. ஆளையாவது சரியா எழுது."

கிழித்துப் போட்டேன். எழுதி வாங்கிய அடிகளில் இது எனக்கு முக்கியமான அடி.

6.

எதிராளியை நான் இதுவரை ஒரு வெள்ளை பனியனாக மட்டும்தான் வைத்திருந்தேன். அவருக்கும் ஒரு வீடு இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. செயலாளரிடம் முகவரி வாங்கினேன். ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. (இதை நான் சேர்க்கவில்லை, சத்தியமாக.)

மாமாவின் பெயரைச் சொன்னதுமே பெரியவர் சிரித்துவிட்டார். அந்தக் கூடத்தில் உடை மாற்ற ஒரே அறை, நடுவில் ஒரு போர்வையைக் கட்டியிருப்பார்கள், அதிலும் ஓட்டை என்றார்.

"நான் பார்த்துக்கிட்டே இருந்தேன் தம்பி. கால்சட்டையை மாட்டினதுமே உள்ளங்கை ரெண்டும் பச்சை. அவங்க பயிற்சியாளர் பதறிப்போய்க் கறுப்பு ஒண்ணை நீட்டினார். உங்க மாமா வாங்கலை. 'என் தங்கச்சி முக்கினது. முதல் வரிசையில உக்காந்திருக்கா. கறுப்பைப் போட்டுக்கிட்டு அவ முன்னாடி போய் நிக்கச் சொல்றியா?'ன்னார். அப்புறம் கையைப் பார்த்துப் பார்த்து ஒரே சிரிப்பு."

விசாரணையில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னை யாரும் கேக்கலை. கோப்பை கையில இருந்துச்சு, நானும் போய்ச் சொல்லலை. ஆனா அந்த பனியனைத் துவைக்கலை தம்பி. அப்படியே வச்சிருக்கேன். முப்பத்தொண்ணு. ஜெயிச்சது நான்னு கோப்பை சொல்லும், பனியன் வேற சொல்லும்."

பனியன் பரண்மேல் பெட்டியில் இருந்தது. மகள் சனிக்கிழமை வந்தால்தான் இறக்க முடியும் என்றார். எனவே நான் பார்க்கவில்லை. கவனியுங்கள், இதுவரை நான் பார்த்து எழுதியது ஒன்றுமே இல்லை.

7.

ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். மாமா தெரியாமல் போகவில்லை, பார்த்து, சிரித்து, தானே போட்டுக்கொண்டு போனார் என்றேன். அம்மா ஊசியில் நூல் கோத்து முடித்தாள்.

"நல்லாருக்கு. இதுவும் நீ எழுதினதா?"

ஐந்தாம் பகுதியை எழுதியவனுக்கு இது வேண்டும்தான். முதன்முறையாகக் கையில் ஓர் உண்மையை வைத்திருந்தேன், அது என் கையில் இருந்ததாலேயே செல்லாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது. சத்தியம் செய்தேன். உன் சத்தியத்தை வாங்கி நான் எங்கே வைப்பது என்றாள். அப்புறம், மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, "சனிக்கிழமை கூட்டிட்டுப் போ" என்றாள்.

8.

முடிவுகள் மூன்று யோசித்திருந்தேன். அம்மா அழுவது. பெரியவர் மன்னிப்புக் கேட்பது. கோப்பை கைமாறுவது

(எதுவும் தேவைப்படவில்லை.)

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, அம்மா ஏறினாள். கதவு திறந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நீ இங்கயே நில்லு. உள்ள வந்தேன்னா கதையாக்கிடுவே."

கதவு சாத்திக்கொண்டது. ஒட்டுக் கேட்டேனா? கேட்டேன். பெட்டி இழுபடும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பெரியவர் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுகிறார். பத்துக்கு மேல் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. இருபதுக்கு மேல் அந்தக் குரல் மட்டும். முப்பத்தொண்ணு வரை அம்மா தனியாகவே எண்ணினாள்.

வெளியே வந்தபோது அவள் முகத்தை நான் படிக்க முயன்றதைக் கண்டுகொள்ளாமல் படி இறங்கினாள். இரண்டாவது மாடியில் நின்றாள்.

"நிக்காதுன்னு நினைச்ச சாயம்டா. நாப்பத்து மூணு வருஷமா நிக்குது."

கீழ்ப்படியில் சொன்னாள், அந்த ஜோக் இருக்கட்டும், அது அவன் சொன்னது. அடியில் மட்டும் ஒரு வரி சேர்த்துக்கொள்: கால்சட்டைக்குச் சாயம் போட்டது அவர் தங்கை.

தெருமுனை மளிகைக் கடையில் நின்று, கல்லுப்பு இரண்டு கிலோ வாங்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். வெள்ளையாகத் தைத்துத் தைத்துக் கண் கூசுகிறது என்றாள்.

நாளை அந்த ஒரு பக்கம் ஆணியில் ஏறிவிடும். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பது அதிலும் இருக்காது, இதிலும் இல்லை. எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: அங்கே மாமா பேச வந்தால், அவளை ஊசி என்றே கூப்பிடட்டும். எனக்கு இந்த உப்பை வீடுவரை சுமக்கும் வேலை இருக்கிறது.