கோல்வெனுக்கு ஒரு நல்ல வார்த்தை

பொழுது சாய்வதற்குள் கோல்வென் மல்கோர்னைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை கிடைத்தாக வேண்டும். அதிகம் வேண்டாம், ஒன்று போதும். பார்பா துவால் அதற்காகத்தான் காலையிலிருந்து உஷாந்த் தீவு முழுக்கக் கால் தேய நடந்துகொண்டிருந்தாள். மத்தியானம் தாண்டியும் கையில் ஒன்றும் சிக்கவில்லை.

செத்துப்போன மனிதனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்வதற்கு இவ்வளவு பாடா என்று நீங்கள் கேட்கலாம். கோல்வெனை உங்களுக்குத் தெரியாது, அதனால் கேட்கிறீர்கள்.

விஷயம் இதுதான். கோல்வென் வேலை பார்த்த பாய்மரக் கப்பல் போர்ச்சுகல் கரைப் பக்கம் பாறையில் மோதி உடைந்துவிட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை என்று பங்குச்சாமியாருக்குக் கடுதாசி வந்திருந்தது. உஷாந்தில் இது புதிதில்லை. ஆண்கள் கப்பலுக்குப் போவார்கள், பெண்கள் நிலத்தை உழுவார்கள். போனவர்களில் பாதிப் பேர்தான் ஊர்க் கல்லறைக்கு வந்து சேருவார்கள். மீதிப் பேரைக் கடல் வைத்துக்கொள்ளும். உடம்பு இல்லை என்பதற்காக ஒருத்தனை அடக்கம் பண்ணாமல் விட்டுவிட முடியுமா? உள்ளங்கை அளவில் ஒரு மெழுகுச் சிலுவை செய்து, அவன் வீட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைப்பார்கள். அதுதான் அவன் உடம்பு. ஊர் கூடி ஜெபம் சொல்லும். மறுநாள் சாமியார் வந்து, அந்தச் சிலுவையைக் கோயிலுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு மரப்பெட்டியில் மற்றச் சிலுவைகளோடு சேர்த்துவிடுவார். இதற்குப் பெயர் புரோயெல்லா.

ஜெபத்தை நடத்துவதும், முடிந்த பிறகு இறந்தவனைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதும் பார்பாவின் வேலை. பதினெட்டு வருஷமாக அவள்தான் பேசுகிறாள். அந்தப் பேச்சுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. சிலுவைக்கு முன்னால் கெட்டது சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விடவும் கூடாது. இதில் எது தவறினாலும் செத்தவனுடைய ஆத்துமா கரை சேராமல் தண்ணீரிலேயே கிடந்து தத்தளிக்கும் என்று ஊர் நம்பியது. பார்பாவும் நம்பினாள்.

இதுவரை அவள் யாருக்கும் தடுமாறியதில்லை. ஏர்வெ என்று ஒரு மொடாக்குடிகாரன் இருந்தான். அவன் எவ்வளவு குடித்தாலும் வழியில் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டிகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடப்பான் என்று பேசினாள், வீடே அழுதது. ஏர்வெக்குக் கிடைத்தது, கோல்வெனுக்குக் கிடைக்கவில்லை. மனிதன் அப்படி ஒரு முசுடு. எதிரே வருகிறவருக்கு வணக்கம் கிடையாது, சொன்னதற்குப் பதில் கிடையாது. எதைக் கொடுத்தாலும் ஒரு குறை சொல்வான்.

அது போதாதென்று பார்பாவுக்கும் அவனுக்கும் ஒரு பழைய பகை வேறு இருந்தது.

இந்தத் தீவில் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வரும் வழக்கம் இல்லை. பெண்தான் போய்க் கேட்பாள். ஒரு தட்டில் உப்புப் போட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறித் துண்டு ஒன்றை வைத்து, பிடித்தவன் வீட்டுக்கு எடுத்துப் போவாள். அவன் எடுத்துத் தின்றால் சம்மதம். தொடாவிட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடையைக் கட்ட வேண்டியதுதான். ஆண்பிள்ளை வாயைத் திறந்து ஒரு பெண்ணைக் கேட்பது என்ற பேச்சே கிடையாது. கேட்டால் அவன் பேரன் காலம் வரைக்கும் ஊர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

பத்தொன்பது வயதில் பார்பா கோல்வென் வீட்டுக்குத் தட்டோடு போனாள். வீட்டில் அவனும் காது கேட்காத அவன் அப்பாவும் மட்டும் இருந்தார்கள். தட்டைப் பார்த்ததும் கோல்வென் முகம் வெளுத்துப் போனது. ஒற்றை விரலால் தட்டைத் தள்ளி வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பார்பா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு என்று பார்த்து ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வயலில் இருந்தார்கள். கறித் துண்டு தட்டிலேயே இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் வேறு எவன் வீட்டுக்கும் தட்டு எடுத்துப் போகவில்லை, கோல்வெனோடு பேசவும் இல்லை. இருபத்துநாலு வருஷம் ஓடிவிட்டது. அவனைக் கண்டால் ஆகாது என்று ஊரில் சொல்லுவாள். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவனுக்கே நல்ல வார்த்தை தேடி அலைய வேண்டியதாகிவிட்டது.

முதலில் கோயில்பிள்ளையைக் கேட்டாள். அவர் தாடையைச் சொறிந்து வெகுநேரம் யோசித்து, பூசையில் தூங்கினாலும் கோல்வென் குறட்டை விடமாட்டான் என்றார். உள்ளே இருந்து அவர் மனைவி, விடுவான் என்று குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ஃபாந்த், ஒருமுறை தன்னைப் பார்த்துத் தலையசைத்தான் என்றாள். வாசல் வரை வழியனுப்ப வந்தவள், நன்றாக யோசித்துப் பார்த்ததில் அவன் ஈ ஓட்டினான் என்றுதான் நினைக்கிறேன் என்று அதையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவனுடைய ஞானத்தகப்பன் கிழவர் தூதல், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியபோது குழந்தை அழவில்லை என்று பெருமையாகச் சொன்னார். பார்பாவுக்கு உயிர் வந்தது. அழவில்லை, என்னை முறைத்துப் பார்த்தான் என்று கிழவர் முடித்தார்.

கடைசியாகக் கோல்வெனின் தங்கை கதெலிடம் போனாள். கதெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒருத்தரையும் கைநீட்டி அடித்ததில்லை என்றாள். சாமியாரின் வாத்தைக் கல்லால் அடித்த கதை தீவு முழுக்கத் தெரியும். பார்பா அதைச் சொல்லவில்லை. கதெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பேசியது மாதிரியே அண்ணனுக்கும் பேசிவிடு அக்கா, அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று விசும்பினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. மேசைமேல் மஞ்சள் மெழுகில் சின்னச் சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. முன்வரிசையில் கிழவி மர்சினா உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு என்று அவள் மூன்று சிலுவை கொடுத்தவள். எந்தப் புரோயெல்லாவையும் தவறவிடமாட்டாள். ஜெபம் முடிந்தது. எல்லோரும் பார்பாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சிலுவையைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை.

"கோல்வென் மல்கோர்னைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லணும்னு காலையிலேர்ந்து தேடுறேன். கெடைக்கல. பொய் சொல்ல என்னால முடியாது. எனக்குத் தெரிஞ்ச உண்மை ஒண்ணு இருக்கு, ஆனா அது அவரைப் பத்தினது இல்ல, என்னைப் பத்தினது. இருபத்துநாலு வருஷமா முனையில கப்பல் பாய் தெரியிறப்பல்லாம் ஏரை நிறுத்திட்டுப் பாத்திருக்கேன். யாருக்காகப் பாக்குறோம்னு ஒருநாளும் கேட்டுக்கிட்டதில்ல. கடுதாசி வந்த அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பேச்சு பாதியில் நின்றது.

அந்த நேரத்தில் கதவோரமாக ஓர் ஆள் வந்து மண்டியிட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தாடி மூடிய முகம், தோளில் ஒரு மூட்டை, கையில் கழற்றிய தொப்பி. அவன் முன்னால் இருந்த ஃபாந்தின் தோளைத் தொட்டு, யாருக்காகப் பார்த்தாளாம் என்று கிசுகிசுத்தான். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்று ஃபாந்த் பிற்பாடு சத்தியம் செய்தாள். அவள் திரும்பாமலே, கோல்வெனுக்காக, செத்துப்போனான் இல்லையா, சும்மா இரு என்றாள்.

"எந்தக் கோல்வென்?"

"மல்கோர்ன் கோல்வென். இந்த வீட்டுக்காரன்."

"நான் சாகலையே."

ஃபாந்த் திரும்பிப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் ஒரு மெழுகுவத்தி அணைந்தது. கிழவர் தூதல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டார். அந்த வயதில் அவ்வளவு சுருக்காக அவரால் குனிய முடியும் என்று யாருக்கும் தெரியாது. கதெல் முதலில் மயங்கி விழுந்தாள். பிறகு எழுந்து அண்ணனைக் கட்டிக்கொண்டாள், பிறகு கடுதாசி போடத் தெரியாதா என்று முதுகில் நாலு போட்டாள்.

கோல்வென் சொன்ன கதை சின்னது. கப்பல் விடிகாலையில் பாறையில் ஏறி இரண்டாகப் பிளந்தது. முறிந்த பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு கப்பலில் இருந்த ஒன்பது பேரும் மிதந்தார்கள். மத்தி பிடிக்க வந்த போர்ச்சுகல் படகுகள் ஒன்பது பேரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போயின. ஆளில்லாத உடைசலை மட்டும் பார்த்த எவனோ அவசரப்பட்டு எழுதிவிட்டான். ஒன்பது பேரும் முழுசாக இருக்கிறார்கள், சமையல்காரனுடைய கோழிதான் போய்விட்டது என்றான். காப்பாற்றியவர்கள் கொடுத்த சூப்பில் பூண்டு ரொம்ப அதிகம் என்றும் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் வந்திருப்பது ஆவியில்லை, கோல்வென்தான் என்று எல்லோரும் முழுமனதாக நம்பினார்கள்.

பார்பா மட்டும் கிட்டே வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். தான் பேசியதை அவன் கேட்டுவிட்டான் என்ற நினைப்பில் முகம் தீயாக எரிந்தது.

பசித்திருப்பானே என்று கதெல் ஓடிப்போய், வந்தவர்களுக்காகச் சமைத்து வைத்திருந்ததிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். உப்புப் பன்றிக்கறி. கோல்வென் முகம் வெளுத்தது. ஒற்றை விரலால் தட்டைத் தள்ளி வைத்தான். பார்பாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

கதெல் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அண்ணனுக்கு இது ஆகாதே. ஆறு வயசுல பீப்பாய்லேர்ந்து திருடித் தின்னுட்டு மூணு நாள் வாந்தி எடுத்தாரு. அதுலேர்ந்து வாடை பட்டாலே பொறட்டும்."

அந்த ஊரில் இருபத்துநாலு வருஷத்துக் கதை தெரியாதவர் யார்? எல்லாத் தலைகளும் பார்பா பக்கம் திரும்பின. அவள் மெல்ல நடந்து அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"யோவ். அன்னிக்கு ஏன்யா சொல்லல?"

"வாயைத் தொறந்தா வாந்தி வந்துரும்னு இருந்துச்சு. அடங்கினப்புறம் பாத்தா, நீ தட்டோட வயல் தாண்டிப் போயிட்ட."

"மறுநாள் வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"ஆம்பள போயி எப்படிக் கேக்கறது?" கோல்வெனுக்கு உண்மையிலேயே அது புரியவில்லை. "நீதான் இன்னொரு தடவை வருவன்னு நெனச்சேன். மீனோ ரொட்டியோ எடுத்துக்கிட்டு. ஒவ்வொரு தடவை கப்பல்லேர்ந்து வந்தப்பவும் வீட்டுலயே ஒக்காந்திருந்தேன்."

பார்பாவுக்கு அவனை அறையலாமா, அழலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். இருபத்துநாலு வருஷம்! கறித் துண்டுக்குப் பதிலாக ஒரு மத்தி மீனைக் கொண்டுபோயிருந்தால் பிள்ளைகளே இப்போது கல்யாண வயதில் இருந்திருக்கும். மூக்கைச் சிந்தினாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், ஊர் பார்க்கக் கேட்டாள்.

"என்னைக் கட்டிக்கிறியா?"

கோல்வென் அவள் கைகளைப் பார்த்தான். இரண்டும் காலியாக இருந்தன.

"கட்டிக்கிறேன்" என்றான்.

பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். இந்தக் கூத்தெல்லாம் ஓய்ந்த பிறகு கிழவர் தூதல் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அதெல்லாம் சரி, பேச்சு பாதியில் நிற்கிறதே என்றார். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குப் பேச்சு என்று ஃபாந்த் கேட்டாள். ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டால் என் ஞானப்பிள்ளைக்கு ஆகாது, அவன் இருந்தாலும் சரி செத்தாலும் சரி என்று கிழவர் ஒற்றைக்காலில் நின்றார். அணைந்த மெழுகுவத்தியைத் திரும்ப ஏற்றினார்கள். கோல்வென் தன் சிலுவைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரையும் முறைத்தான்.

பார்பா எழுந்து நின்றாள்.

"கோல்வென் மல்கோர்னைப் பத்தி நல்லதா ஒண்ணு கெடைச்சிருக்கு. பொய்யில்ல, நீங்களே பாத்துக்கலாம். கப்பலுக்குப் போனார்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "திரும்பி வந்துட்டார்."

சிரிப்பு நின்றுவிட்டது. கோயில் பெட்டிக்கு ஒரு சிலுவையாவது கொடுக்காத குடும்பம் அந்த அறையில் ஒன்றுகூட இல்லை. பார்பாவின் அப்பாவும் தம்பியும் அதில்தான் இருந்தார்கள். இதைவிட நல்லதாக ஒரு மனிதனைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

முன்வரிசையில் கிழவி மர்சினா இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தாள். கோல்வென் அருகே போய், அவன் தாடியை, கன்னத்தை, தோளை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். அவன் முறைக்கவில்லை, தலையைக் குனிந்து கொடுத்தான்.

"ஆமென்" என்றாள் மர்சினா. அவளுக்குப் பின்னால் வீடு முழுக்கச் சொன்னது.