வந்த கோலத்தில் ஒரு ஃபியட்

படத்தை முதலில் பார்த்தது அமுதவள்ளிதான். கைப்பேசியைக் கணவனிடம் நீட்டி, "உங்க அண்ணன் மெக்கானிக் ஆயிட்டாரு," என்றாள்.

கமலநாதன் வாங்கிப் பார்த்தான். பழைய கார் பிரியர் சங்கத்தின் பக்கத்தில், மடிப்புக்கூடக் கலையாத நீல ஓவராலில், கையில் ஸ்பேனரோடு அண்ணன் இராமலிங்கம் நின்றிருந்தார். பின்னால், கிள்ளானில் இவன் வீட்டுப் போர்ச்சில் நிற்கும் அதே வெள்ளை ஃபியட் 124. தீபாவளிக்கு வந்தவர் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டது இதற்குத்தான். கீழே எழுதியிருந்தது: 'ஒன்பது வருடம். முழுக்க என் சொந்தக் கையால்.'

அந்தக் கைக்கு ஸ்பேனரைப் பிடிக்கும் பக்கம்கூடத் தெரியாது. ஜெஞ்சாரோமில் ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து அந்தக் காரை லோரியில் ஏற்றி வந்தவனும் பூட்டிப் பூட்டிச் சரிசெய்தவனும் கமலநாதன். அன்று அவன் பெயரில் கட்டாத போக்குவரத்துச் சம்மன் இரண்டு கிடந்ததால் பெயர் மாற்ற முடியவில்லை. "என் பேர்ல போடுலா, அப்புறம் மாத்திக்கலாம்," என்றார் அண்ணன். பதிவுச் சீட்டான கிரான் அவர் பெயரில் ஏறியது. அந்த 'அப்புறம்' ஒன்பது வருடமாக வரவில்லை.

மறுநாள் அண்ணனே செய்தி அனுப்பினார். "நாதா, கிரான் என் பேர்லதானே இருக்கு. ரெண்டு வாரத்துல கிளப் ஆளுங்களோட வந்து காடிய எடுத்துக்கறேன். கழுவி வை."

காரும் போகிறது, செய்தவன் என்ற பெயரும் போகிறது. கமலநாதன் பதில் எழுதினான்: 'சரி அண்ணே.'

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய எந்தச் சாமானையும் எறியமாட்டான். தேதி எழுதிய சீட்டைக் கம்பியால் கட்டி, பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பான். பின்கட்டில் பதினேழு டின்கள் இருந்தன. எல்லாவற்றையும் போர்ச்சுக்குக் கொண்டுவந்தான். செய்த வேலைகளை வரிசையாக எழுதிவந்த நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து பின்னோக்கி வேலையைத் தொடங்கினான்.

புது ஸ்டார்ட்டர் இறங்கியது, எரிந்துபோன பழையது ஏறியது. இத்தாலியிலிருந்து வரவழைத்த கார்பரேட்டர் இறங்கியது, துருவில் இறுகிய பழையது ஏறியது. ஒழுகும் வாட்டர் பம்ப், வெடித்த ரப்பர் குழாய், எலி கடித்த வயர். ஒவ்வொன்றையும் எண்ணெய் போட்டு, அளவாக முறுக்கிப் பூட்டினான். கார் வந்த அன்று இடது பக்கக் கண்ணாடி ராஃபியா கயிற்றில் தொங்கியது. அதே முடிச்சைப் போட்டான்.

அமுதவள்ளி தேநீரோடு வந்து நின்றாள். "ஒரு சுத்தியல எடுத்து நாலு போடு போட்டா முடிஞ்சிச்சு. கெடுக்கறதுக்கு இவ்வளவு கவனமா?"

"நொறுக்கினா நான் ரவுடி. வந்த மாதிரியே குடுத்தா நான் நாணயஸ்தன்."

"பெயிண்டு?"

"அத மட்டும்தான் திருப்பிக் குடுக்க முடியல," என்றான் உண்மையான வருத்தத்தோடு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான்கு பழைய கார்கள் வாசலில் வந்து நின்றன. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இராமலிங்கம் இறங்கினார். நண்பர்களிடம், "தம்பி வீட்டுல சும்மா நிறுத்தி வச்சிருந்தேன்," என்றார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே 'டக்'.

சங்கத்தின் மூத்தவர் சண்முகரத்தினம் முன்னால் வந்தார். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "நீர்தானே ஒன்பது வருஷம் பாடுபட்டது? பொனட்டைத் திறவும், பாப்பம்."

இராமலிங்கம் உள்ளே இருந்த பொனட் நெம்புகோலை இழுத்துவிட்டு வந்து காரின் மூக்குக்கு முன்னால் நின்றார். விளிம்புக்கு அடியில் விரலை நுழைத்துத் தூக்கினார். அசையவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தூக்கினார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

இந்த ஃபியட்டின் கீல் மூக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொனட் ஓட்டுநரின் முன்கண்ணாடிப் பக்கம் எழும்பி, முன்னால் கவிழும். ஒரே ஒரு முறை திறந்தவனுக்குக்கூட இது மறக்காது. சண்முகரத்தினத்துக்கும் தெரிந்திருந்தது. அவர் இராமலிங்கத்தின் விரல்களைப் பார்த்தார். பிறகு கமலநாதனின் நகக்கண்களில் ஊறிப்போயிருந்த கிரீஸைப் பார்த்தார். தன் நண்பர்கள் பக்கம் திரும்பி நின்றார். அங்கே யாரோ தொண்டையைச் செருமினார்கள், யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"நாதா," என்றார் அண்ணன், குரலை இறக்கி. "என்னடா இது? ஒட்டிக்கிச்சா?"

சொல்ல ஒரு வார்த்தை போதும். கமலநாதன் பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப்போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"இல்லண்ணே. பழைய காடி இல்லையா, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். இன்னும் பலமா இழுங்க."

இராமலிங்கம் இழுத்தார்.