உமிக்கரி போட்ட வயல்

அரிசி ஆலையில் கொதிகலனுக்குத் தீ போடுகிறவள் முகம் எப்போதும் கறுத்துத்தான் இருக்கும். அதனால் அக்காவின் புருஷன் அவளுக்கு வைத்த பெயர் கரிமூஞ்சி. அவளும் சளைத்தவள் இல்லை கண்ணுகளா. பத்து வருஷம் நெருப்போடு மல்லுக்கு நின்றவள், ஒரு அத்தானுக்கா பயப்படுவாள்?

அக்காவின் வயல் கடலுக்குப் பக்கம். உப்பு ஏறி நெல் சோனியாக நின்றது. போன முறை கதிர் முற்றும் நேரத்தில் காற்றடித்து, அத்தனையும் பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டது.

"இந்தத் தடவையும் படுத்துச்சுன்னா வயலை இறால் குளத்துக்குக் கொடுத்துடுவேன்" என்றார் அத்தான் கறாராக. குளம் வெட்டுகிறவரிடமும் பேசியாயிற்று. அன்று அக்கா தங்கையின் கையைப் பிடித்த பிடி சாதாரணப் பிடி இல்லை.

மறுநாளே ஆலையிலிருந்து உமி மூட்டைகள் வந்து இறங்கின. மூடி போட்ட பீப்பாயில் காற்றை அடக்கி உமியைக் கருக்கினாள் கரிமூஞ்சி. வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் வீண். கறுப்பாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். அந்தப் பதம் அவளுக்கு அத்துப்படி.

"என்ன கரிமூஞ்சி, ஊருக்கே பல்லு விளக்கி விடப்போறியா?"

"உங்க ஒருத்தர் பல்லுக்கே பத்தாது அத்தான்."

அக்கா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போன வருஷம் கத்தரிப் பாத்தியில இதைத்தானே கொட்டினே? செடியெல்லாம் மஞ்சளடிச்சுப் போச்சே!"

"அப்ப கரியைப் பட்டினியா அனுப்பிட்டேன். மண்ணுல இருந்த சத்தையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கிச்சு. இப்ப வயித்தை நிரப்பி அனுப்புறேன்."

சொன்னபடியே தொழு உரத்திலும் மாட்டு மூத்திரத்திலும் கரியை ஒரு மாசம் ஊறப்போட்டாள்.

"உமியில சிலிக்கான்னு ஒரு சத்து இருக்கு அத்தான். அது தண்டுக்குள்ள போய் எலும்பு மாதிரி நிக்கும்."

"நெல்லுக்கு எலும்பா! சரி, மேற்கு மூலையில மட்டும் உன் கரி வேணாம். அது என் பங்கு. யாரு நிக்கிறான்னு பார்த்துடுவோம்."

நடவு முடிந்தது. நடுவில் பன்னிரண்டு நாள் வாய்க்கால் வறண்டது. கரி போட்ட மண்ணை அள்ளினால் ஈரம் கையில் ஒட்டியது. மேற்கு மூலையில் இலை சுருண்டது. அத்தான் பார்த்தும் பார்க்காததுபோல நடந்தார்.

கதிர் பழுக்கும்போது காற்று வந்தது. ஒரு பகல் முழுக்க அடித்தது. தீயை விட்டு நகர முடியாமல் ஆலையிலேயே தவித்தவள், மறுநாள் விடிந்ததும் நேரே வயலுக்கு வந்தாள். வரப்பில் அக்கா. பக்கத்தில் அளக்கும் நாடாவோடு குளம் வெட்டுகிறவர். அத்தான் நெல்லுக்குள் இறங்கியிருந்தார்.

வயல் லேசாகச் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். படுத்திருந்தது மேற்கு மூலை மட்டும்.

அத்தான் வெளியே வந்தார். முழங்கை வரை மெல்லிய சிவப்புக் கோடுகள்.

"என்ன நெல்லு இது? இலை அரம் மாதிரி அறுக்குது!"

"எலும்பு தெரியுதா அத்தான்?"

அத்தான் கையைக் குளம் வெட்டுகிறவரிடம் நீட்டினார். "பார்த்தீங்களா? நீங்க வேற இடம் பாருங்க."

நாடா சுருண்டு பைக்குள் போனது. அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அத்தான் மேற்கே படுத்துக் கிடந்த நெல்லைக் காட்டினார். "அந்த மூலைக்கு எத்தனை மூட்டை உமி வேணும்?"

"முதல்ல போய்ப் பீப்பாயைக் கழுவுங்க. உங்க பங்குதானே அது?"